கொப்பியில் நாலு நிரல்: ஊர்ச் சனத்தொகையை நீங்களே கணக்குப் பார்க்கலாம்

கிளிநொச்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் "பிள்ளைகள் பிறக்கிறது குறைஞ்சிட்டுது, அதுதான் பள்ளிக்கூடத்தில் வாங்கு காலியாக் கிடக்குது" என்பார்கள். சரிதான், ஆனால் பாதிக் கணக்கு.

முதலில் ஒரு கொப்பியில் நாலு நிரல் கீறுங்கள்: பிறந்தவர், இறந்தவர், வந்தவர், போனவர். ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதுங்கள். 800 பேர் உள்ள ஊர் என்று வையுங்கள். 12 பிறப்பு, 5 இறப்பு என்றால் 7 கூடியிருக்கிறது, இதுதான் இயற்கை அதிகரிப்பு. 4 பேர் வந்து 19 பேர் போனால் 15 குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஊர் 8 பேரால், அதாவது நூற்றுக்கு 1 வீதம் சுருங்கியிருக்கிறது, தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே.

அடுத்தது, பலரும் பிழைவிடும் இடம். வவுனியாவுக்குக் குடிபோனவர் ஊர்க் கணக்கில் "போனவர்", நாட்டுக் கணக்கில் அவர் அசையவே இல்லை. தமிழ்நாட்டு முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த குடும்பம் இரண்டு கணக்கிலும் "வந்தவர்". மூன்று மாதம் மகளைப் பார்க்க கனடா போன அம்மாவை எழுதவேண்டாம், பொதுவாக ஒரு வருடமாவது அங்கே தங்குகிறவரைத்தான் குடிபெயர்ந்தவர் என்று எடுப்பார்கள்.

இனி நாட்டைப் பாருங்கள். 2012இல் இலங்கையில் ஏறத்தாழ 3 இலட்சத்து 56 ஆயிரம் பிறப்புகள், 2023இல் அது சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரம். அந்த வருடம் இறந்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 81 ஆயிரம் என்பதால் மிஞ்சியது 67 ஆயிரம்தான். 2022இல் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டவர்கள் மட்டும் 3 இலட்சத்துக்கு மேல். அவர்களில் கனபேர் ஒப்பந்தம் முடிய திரும்புவார்கள், ஆகவே அதை அப்படியே கழிக்கக்கூடாது, ஆனாலும் எந்த நிரல் கனக்கிறது என்பது விளங்கும்.

கடைசியாக, போனவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வயதை எழுதுங்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் மூன்று வீடுகளிலிருந்தும் போனது இருபதுகளில் இருந்த பிள்ளைகள், கலியாணம் கட்டி அங்கேயே குழந்தை பெற்றுவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் எங்கள் பிறப்பு நிரலில் வரவே மாட்டார்கள். 65 வயதுக்காரர் போனால் ஒன்று குறையும். 25 வயதுக்காரி போனால் இந்த வருடம் ஒன்று, பிறகு வரும் வருடங்களில் இன்னும் இரண்டு மூன்று. போனவர் நிரலில் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, அடுத்த வருடப் பிறப்பு நிரலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.