தலைக்கும் எஃகுக்கும் நடுவே 30 மில்லிமீட்டர்: கார் பில்லர் டிரிம் வடிவமைப்பு, தொடக்கநிலையினருக்கு

"மாமா, இந்த பிளாஸ்டிக் மூடி சும்மா அழகுக்குத்தானே?"

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன், சீட் பெல்ட் தொங்கும் தூணைத் தட்டிக்கொண்டே கேட்டான். தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுக்கூட்டுச் சத்தம். அந்த வெற்றுக்கூடுதான் விஷயமே என்றேன். அவனுடைய இறுதியாண்டுப் புராஜெக்ட் அங்கேதான் தொடங்கியது. மூன்று மாதம் அவனோடு சேர்ந்து உடைத்ததையும் நசுக்கியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

காரின் கூரையைத் தாங்கும் தூண்களுக்குப் பில்லர் என்று பெயர். முன் கண்ணாடி ஓரத்தில் இருப்பது ஏ பில்லர், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் இருப்பது பி பில்லர். உள்ளே அவற்றை மூடியிருக்கும் பிளாஸ்டிக்தான் டிரிம். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து இடித்தால், பெல்ட் போட்டிருந்தாலும் தலை பக்கவாட்டில் சாயும். அது போய் மோதும் இடங்களில் இந்த டிரிம்மும் ஒன்று. அதற்குப் பின்னால் இருப்பது கெட்டியான எஃகு.

பள்ளிக்கூட இயற்பியல் நினைவிருந்தால் போதும். கணினியில் ஒரு பெட்டியை வரையத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

படி 1: பழைய டிரிம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்

இதற்குச் சிங்கப்பூரைவிட வசதியான ஊர் கிடையாது. கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ பத்து ஆண்டில் முடிந்துவிடுவதால், நன்றாக ஓடும் கார்கள்கூடப் பழைய வண்டி உடைக்கும் இடத்துக்குப் போய்விடுகின்றன. நாங்கள் பத்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பி பில்லர் டிரிம் வாங்கினோம். "இதை வைத்து என்ன செய்யப் போறே?" என்று கடைக்கார அங்கிள் இரண்டு தடவை கேட்டார்.

முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் இருக்காது, சாம்பல் நிறப் பிளாஸ்டிக். திருப்பிப் போட்டால் வேறு உலகம். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பிளாஸ்டிக் சுவர்கள், முட்டை அட்டைக்கு நடுவில் செருகும் தடுப்பு போல. இவைதான் ரிப்கள். அங்கங்கே உலோகத்தில் மாட்டும் கிளிப்கள், அவற்றைத் தாங்கும் தடித்த மேடைகள். ஒரு ரிப்பை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், எளிதாக வளையும். நேர் கீழாக அழுத்துங்கள், முதலில் அடம்பிடிக்கும், பிறகு சட்டென்று மடங்கும். அந்த மடங்கலைத்தான் நாம் வடிவமைக்கப் போகிறோம்.

ஓர் எச்சரிக்கை: உங்கள் சொந்தக் காரின் டிரிம்மைக் கழற்றிச் சோதிக்காதீர்கள். ஜன்னல் ஓரமாகத் திரைபோல விரியும் திரை ஏர்பேக் பல கார்களில் கூரை ஓரத்திலிருந்து பில்லர் வழியாக இறங்குகிறது. அந்த டிரிம் சரியாகத் திறந்து வழிவிடவேண்டும், அதே சமயம் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து முகத்தில் அடிக்கவும் கூடாது.

படி 2: எவ்வளவு இடம் வேண்டும்?

புதிதாக வருபவர்கள் எல்லாரும் "எந்த ஃபோம் போடலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி இடம்.

அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 201ஐ அளவுகோலாக வைத்துக்கொள்வோம். மூக்கை நீக்கிய சோதனைப் பொம்மையின் தலை, எடை சுமார் 4.5 கிலோ. அதை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் பில்லர்மீதும் கூரை ஓரத்தின்மீதும் குறித்த புள்ளிகளில் எறிவார்கள். திரை ஏர்பேக் மடித்து வைத்திருக்கும் புள்ளிகளுக்கு மட்டும், முழுக் காரையும் கம்பத்தில் மோதவிடும் இன்னொரு சோதனையில் தேறினால், 19 கிலோமீட்டர் போதும்.

24 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 6.67 மீட்டர். 2.27 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. இப்போது இந்தச் சின்னச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யுங்கள்: விழுந்த உயரத்தை நசுங்கிய தூரத்தால் வகுத்தால், தலை சராசரியாக எத்தனை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு) வாங்கியது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 2270 மி.மீ. விழுந்து 20 மி.மீ. நசுங்கினால் 113 ஜி. 10 மி.மீ. மட்டும் நசுங்கினால் 227 ஜி. எடை சூத்திரத்தில் வரவே இல்லை, கவனித்தீர்களா?

தலைக்காய அளவுகோலான எச்ஐசி இதைவிடக் கறாரானது. அது ஜி மதிப்பை 2.5 அடுக்குக்கு உயர்த்தி, அந்த அடி நீடித்த நேரத்தால் பெருக்குகிறது. ஆகவே கொஞ்சம் கூடுதல் ஜி வந்தாலும் எண் எகிறிவிடும். மோதல் முழுவதும் ஒரே சீரான விசை என்று வைத்துக் கணக்குப் போட்டோம்: 10 மி.மீ. நசுங்கினால் எச்ஐசி சுமார் 2300, 15 மி.மீ. என்றால் 1260, 20 மி.மீ. என்றால் 820, 25 மி.மீ. என்றால் 590. விதி கேட்பது கொஞ்சம் மாற்றிய எண்: எச்ஐசியை 0.75446ஆல் பெருக்கி 166.4 கூட்டவேண்டும், விடை 1000ஐத் தாண்டக்கூடாது. 15 மி.மீ. தோற்கிறது. 20 மி.மீ. சுமார் 785இல் தேறுகிறது.

ஆனால் எந்தப் பொருளும் காகிதமாக மடங்கிவிடாது. ஃபோமோ ரிப்போ மூன்றில் இரண்டு பங்கு நசுங்கியதும் உள்ளே நெருக்கம் வந்து கல்லாகிவிடும். 20 மி.மீ. நசுங்க வேண்டுமானால் டிரிம்முக்கும் எஃகுக்கும் நடுவே 30 மி.மீ. கேட்கவேண்டும். கேட்டால் உடனே கிடைத்துவிடாது. ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறது என்று ஒருவர், ஏர்பேக்குக்கு இடம் போதவில்லை என்று ஒருவர், பெல்ட் உயரத்தை மாற்றும் பாகத்தை எங்கே வைப்பது என்று ஒருவர். டிரிம் வடிவமைப்பாளரின் வேலையில் பாதி இந்த இடச்சண்டைதான்.

படி 3: ரிப்பா, ஃபோமா?

ஃபோமில் அதிகம் புழங்குவது இபிபி. பாலிபுரொப்பிலீன் மணிகளை ஊதி ஒட்டவைத்தது. அடர்த்தியை மாற்றினால் கெட்டித்தன்மை மாறும், அடியிலிருந்து மீண்டும் ஓரளவு நிமிரும். ரிப் என்றால் தனிப் பாகம் தேவையில்லை, டிரிம்மோடு ஒரே அச்சில் வார்த்துவிடலாம். ஒரு பாகம் குறைந்தால் செலவும் குறையும். தொடக்கநிலையில் ரிப்தான் நல்லது என்பது என் கருத்து. எது ஏன் மடங்கியது என்று கண்ணால் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் குறி ஒன்றே: விசை சட்டென ஏறி, அங்கேயே சமமாக நிற்கவேண்டும். ஸ்பிரிங் போலப் படிப்படியாக ஏறினால் கடைசியில் உச்ச விசை சராசரியைப் போல் இரண்டு மடங்காகிவிடும். அதே 20 மி.மீ. இடம் வீணாகும்.

தொடக்க அளவுகள்: டிரிம்மின் மேல்தோல் 2.5 மி.மீ., ரிப்பின் அடித்தடிப்பு அதில் பாதி, அதாவது 1.2 மி.மீ. போல. இதற்குமேல் தடித்தால் பிளாஸ்டிக் ஆறும்போது வெளிப்புறத்தில் குழி விழும். அச்சிலிருந்து வழுக்கி வெளியே வர ஒரு டிகிரி சரிவு கொடுங்கள். ரிப் இடைவெளி 20 மி.மீ.யில் தொடங்கிச் சோதித்து மாற்றலாம். தலை எப்போதும் நேராக வந்து மோதாது என்பதால் ஒரே திசையில் வரிசையாக நிறுத்தாதீர்கள். சாய்வாக இடித்தால் சீட்டுக்கட்டுபோல அத்தனையும் ஒருபக்கம் படுத்துவிடும்.

இங்கே ஒரு கிளைக்கதை. டேஷ்போர்டுக்கு ஐநா விதி 21 இருக்கிறது. 6.8 கிலோ எடையுள்ள உருண்டைத் தலையால் 24.1 கி.மீ. வேகத்தில் இடித்தால், தொடர்ந்து 3 மில்லி வினாடிக்குமேல் 80 ஜியைத் தாண்டக்கூடாது. தலை படக்கூடிய இடத்தில் துருத்தும் விளிம்புகளின் வளைவு ஆரம் 2.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பொறியாளர்கள் இப்படி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மழுக்கிக் கொடுத்த டேஷ்போர்டின்மேல், தேக்காவில் வாங்கிய பித்தளைப் பிள்ளையாரை இரட்டை ஒட்டு டேப் போட்டு நிறுத்தியிருந்தேன். முன்பயணி ஏர்பேக் மூடிக்கு நேர் மேலே. மருமகன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிள்ளையார் வீட்டுப் பூஜை அலமாரிக்கு வந்துவிட்டார்.

படி 4: இடித்துப் பாருங்கள்

கட்டைகளை நோக்கி உருட்டி விளையாடும் 10 பவுண்டு பௌலிங் பந்தின் எடை 4.5 கிலோ, சோதனைத் தலையின் எடையேதான். பழையது ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடைத்தது. விட்டம் தலையைவிடப் பெரிது, ஆனால் கற்றுக்கொள்ள இது போதும். வீட்டில் செய்யாதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் தரையில் இப்படி ஒரு பந்து விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் எங்கே நிற்பார் என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் பட்டறையில், தரையில் எஃகுத் தகடு போட்டு, கெட்டிக் காலணி அணிந்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டோம்.

கைப்பேசியை ஒட்டி ஜி அளக்கலாமே என்று அவன் சொன்னான். நடக்காது. வினாடிக்கு 100 தடவை அளக்கும் கைப்பேசி 10 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் கண் திறக்கிறது. நம் மோதல் சுமார் 5 மில்லி வினாடியில் முடிந்துவிடும், அது கண் சிமிட்டுவதற்குள். பதிலாகக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்னத் தூண்களாக உருட்டி ரிப்களுக்கு நடுவே நிறுத்துங்கள். பந்து எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு உயரம் குறைந்து களிமண் தட்டையாகி நிற்கும். குறைந்த உயரத்தை வெர்னியரால் அளந்து, படி 2இன் சூத்திரத்தில் போடுங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்த முதல் மாதிரியில் ரிப் 2.5 மி.மீ. தடிப்பு. கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்பது அவன் கணக்கு, நானும் தடுக்கவில்லை. நசுங்கியது 3 மி.மீ.: 1000ஐ 3ஆல் வகுத்தால் 333 ஜி. இரண்டாவதில் வெறுப்பில் மெத்தை ஃபோமை வைத்தான். 28 மி.மீ. இறங்கித் தகட்டில் டங்கென்று இடித்தது. அதற்குச் சூத்திரமே செல்லாது, கடைசி நொடியின் அடி கணக்கில் வராது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு மீட்டரில் நிறைய நசுங்குவது நல்லதல்ல. 15 மி.மீ. நசுங்கி 67 ஜி காட்டினால் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அதே மாதிரியை 2.27 மீட்டரிலிருந்து இடித்தால் 34 மி.மீ. தேவைப்படும். நம்மிடம் இருப்பதே 30. ஆகவே ஒரு மீட்டரில் 9 மி.மீ. பக்கம் வரவேண்டும்.

மூன்றாவது மாதிரி, 1.2 மி.மீ. ரிப், 10 மி.மீ. நசுங்கியது. 100 ஜி. முழு வேகத்தில் 23 மி.மீ., 30க்குள் அடங்குகிறது, கடைசியில் கொஞ்சம் நெருக்கம். ரிப்கள் அலையலையாக மடிந்திருந்தன, ஒன்றுகூட உடையவில்லை. உடைந்தால் கூர்முனை முகத்தில் குத்தும், அந்த மாதிரி எண்ணில் தேறினாலும் குப்பைக்குத்தான்.

முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தாதீர்கள். முறுக்கு மாதிரி நொறுங்கும். இன்னொன்று, 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். நாங்கள் ஒரு மாதிரியைத் திறந்தவெளிக் கார்நிறுத்துமிடத்தில் பின் சீட்டில் மறந்துவிட்டுப் போனோம், சாயங்காலம் அது வாழைப்பழமாக வளைந்து கிடந்தது. பெட்ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் பரவாயில்லை.

படி 5: மோசமான இடத்தைத் தேடுங்கள்

சோதனைக்கூடத்தில் வசதியான புள்ளியை இடித்து எண் காட்டவிட மாட்டார்கள். நீங்களும் உங்கள் மாதிரியில் மிகக் கெட்டியான இடத்தைத் தேடி இடியுங்கள். பெரும்பாலும் அது கிளிப்பின் மேடைதான். அகலமான, தடித்த குழாய், நேராக எஃகைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

எங்கள் மூன்றாவது மாதிரியில் பந்தைக் கிளிப்புக்கு நேர் மேலே விட்டோம். 4 மி.மீ., 250 ஜி. பக்கத்தில் இரண்டு விரல் தள்ளி இடித்தபோது 100. பையன் களிமண்ணை அளந்தான், மறுபடி அளந்தான், பிறகு கணினியைத் திறந்து அந்த மேடையின் சுவரில் நெடுக்காக நான்கு பிளவு வெட்ட ஆரம்பித்தான். மாட்டும்போது இழுவையைத் தாங்கவேண்டும், இடிக்கும்போது பூப்போல விரியவேண்டும். வெள்ளிக்கிழமை அச்சிடுகிறோம்.