வாயில் போடும் முன்: இருமல் சிரப் முதல் புரோட்டீன் டப்பா வரை சரிபார்க்கும் முறை

ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுகிறவர்கள் எல்லோரும் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் அல்ல. சளிக்குக் குடித்த சிரப்பாலும், ஜிம்மில் யாரோ கரண்டியால் அள்ளிக் கொடுத்த பவுடராலும் தடை வந்திருக்கிறது. சிறுநீரில் பொருள் இருந்தால் அதற்கு வீரரே பொறுப்பு. அது எப்படி உள்ளே போனது என்ற விளக்கம் தண்டனையின் அளவைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது. 2011-ல் இந்திய 4×400 மீட்டர் பெண்கள் தொடர் ஓட்டக் குழுவைச் சேர்ந்தவர்கள் மெத்தாண்டியனோன் என்ற ஸ்டீராய்டில் சிக்கினார்கள். பயிற்சியாளர் சீனாவில் வாங்கிக் கொடுத்த ஜின்செங்கில் அது கலந்திருந்தது என்று வாதாடினார்கள். இந்தியாவில் கிடைத்த ஓராண்டுத் தடையை விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2012-ல் இரண்டு ஆண்டாக உயர்த்தியது. "கோச் கொடுத்தார்" என்பது தடையிலிருந்து காப்பாற்றாது.

பட்டியலை எப்படிப் படிப்பது

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா ஒவ்வோர் ஆண்டும் புதிய பட்டியல் வெளியிடுகிறது. அது ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். போன வருடம் பார்த்தது இந்த வருடத்துக்கு உதவாது. வலி மாத்திரையான டிராமடால் 2024 ஜனவரி 1 வரை தடையில் இல்லை, இப்போது போட்டிக் காலத்தில் தடை.

அனபாலிக் ஸ்டீராய்டு, வளர்ச்சி ஹார்மோன், மூச்சுக்குழாயை விரிக்கும் பீட்டா-2 மருந்துகள், ஹார்மோன் மாற்றிகள், சிறுநீர் பெருக்கிகள் ஆகியவை எப்போதும் தடை. பயிற்சிக் காலம், ஓய்வுக் காலம் என்ற பேச்சே கிடையாது. தூண்டிகள், போதை வலிநிவாரணிகள், கஞ்சா வகை, கார்ட்டிசோன் வகை ஆகியவை போட்டிக் காலத்தில் மட்டும். அந்தக் காலம் பொதுவாகப் போட்டிக்கு முந்தைய இரவு 11.59-க்குத் தொடங்கும். இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். முந்தின நாளே நிறுத்திவிட்டோம் என்று நினைப்பார்கள். ஆனால் பார்க்கப்படுவது சிறுநீரில் மிச்சம் இருக்கிறதா என்பதுதான், விழுங்கிய நேரம் அல்ல.

இன்னொன்று: பட்டியலில் பெயர் இல்லை என்றால் அனுமதி என்று பொருளில்லை. பல பிரிவுகளின் கீழ் "இதே வேதியமைப்போ விளைவோ கொண்ட மற்றவையும்" என்ற வரி இருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில்

பிராண்டு பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு நாடுகளில் இரண்டு விதமான மருந்து விற்கும். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். இந்தியத் தேசிய அமைப்பான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் தேடலாம். பதில் வந்ததும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நம் ஊர் சளி, இருமல் மருந்துகளில் மூன்று நான்கு மருந்துகள் ஒன்றாகக் கலந்திருக்கும். முதல் பெயரைப் பார்த்ததும் நிறுத்தினால் நான்காவது மாட்டிவிடும்.

அடிக்கடி கால் தடுக்கும் இடங்கள் இவை.

இருமல் சிரப்பில் டெர்பூட்டலின். இங்கே சாதாரணமாக எழுதித் தரப்படும் மருந்து, ஆனால் எப்போதும் தடை. சால்பூட்டமால், லெவோசால்பூட்டமால் சிரப்பும் மாத்திரையும் அப்படியே. சால்பூட்டமாலை இன்ஹேலரில் மட்டும், 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள் எடுக்கலாம். ஒரு அழுத்தம் 100 மைக்ரோகிராம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஆறு அழுத்தம். நெபுலைசரில் ஊற்றும் 2.5 மில்லிகிராம் மருந்து ஒரே தடவையில் அந்த எட்டு மணி நேர வரம்பை நான்கு மடங்குக்கு மேல் தாண்டுகிறது. அதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டிரையாம்சினலோன் ஆகிய கார்ட்டிசோன் வகை மருந்துகள். காய்ச்சலுக்கு 'ஒரு ஊசி போட்டா சரியாயிடும்' என்று போடப்படுவதில் முதல் இரண்டும் இருப்பதுண்டு. 2022 முதல் இவ்வகை ஊசிகள் எங்கே குத்தினாலும் போட்டிக் காலத்தில் தடை. உடலிலிருந்து வெளியேற வாடா சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி மருந்துக்கு மருந்து மாறும். பெரும்பாலான மாத்திரைகளுக்கு 3 நாள், தசையில் போடும் டெக்ஸாமெத்தசோனுக்கு 5 நாள், தசையில் போடும் டிரையாம்சினலோனுக்கோ 60 நாள். தோலில் தடவும் களிம்புக்குத் தடையில்லை.

டிரிப். களைப்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். உள்ளே வெறும் உப்புநீர்தான் என்றாலும், 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பில் ஏற்றுவதே தடைசெய்யப்பட்ட முறை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றுக்காகச் செய்ததென்றால் மட்டும் விலக்கு. கிளினிக் பெஞ்சில் படுத்து ஏற்றியதை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம். வாய் வழியாக ஓ.ஆர்.எஸ். குடியுங்கள்.

சூடோஎபெட்ரின் உள்ள சளி மாத்திரையைப் போட்டிக் காலம் தொடங்க 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், நாளுக்கு 240 மில்லிகிராமைத் தாண்டவும் கூடாது. சிறுநீரில் 150 மைக்ரோகிராம்/மி.லி. தாண்டினால் குற்றம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், செட்டிரிசின், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் ஆகியவை தனியாக இருக்கும்வரை சிக்கலில்லை.

மூலிகை என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை இங்கே கழற்றி வையுங்கள். எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னைன், சோமலதா என்னும் எபெட்ரா செடியின் எபெட்ரின், சில லேகியங்களில் சேரும் கஞ்சா இலை எல்லாமே பட்டியலில் உள்ளவை. சேர்மானம் அச்சிடாத சூரணத்தையும் லேகியத்தையும் போட்டி ஆடும் வருடங்களில் தொடவேண்டாம். கசகசாவும் அப்படித்தான். குருமாவிலும் பாயசத்திலும் போடும் அந்த விதையில் மார்ஃபின் ஒட்டியிருக்கும். போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தவிர்த்தால் தலைவலி மிச்சம்.

தடைசெய்த மருந்துதான் நோய்க்குத் தேவை என்றால், சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேசிய அளவில் ஆடுபவர் நாடாவிடமும், சர்வதேச அளவில் ஆடுபவர் தம் விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பிடமும், போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக. பரிசோதனை அறிக்கைகள் இல்லாமல் வெறும் மருந்துச்சீட்டை மட்டும் அனுப்பினால் திரும்பி வரும்.

சப்ளிமென்ட் டப்பா

2000-01-ல் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களை ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் சோதித்தது. 94-இல், அதாவது 14.8 சதவீதத்தில், லேபிளில் குறிப்பிடாத ஹார்மோன் மூலப்பொருள்கள் இருந்தன. ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து வெவ்வேறு பொருள் அரைப்பது ஒரு காரணம். 'பவுடர் வேலை செய்யுது' என்று பேர் வாங்கத் தெரிந்தே கலப்பது இன்னொன்று.

கொழுப்பு கரைப்பான், ப்ரீ-ஒர்க்அவுட், டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் என்ற மூன்று வகையையும் முழுதாக ஒதுக்குங்கள். ஆபத்து குவிந்திருப்பது இங்கேதான். ஜெரேனியம் சாறு, டைமெத்தில்அமைலமின், ஆக்டோட்ரின், ஹிஜெனமின், டி.எச்.இ.ஏ., ஆஸ்டரின் ஆகிய பெயர்களில் எதைக் கண்டாலும் டப்பாவைக் கீழே வையுங்கள். அளவு சொல்லாமல் 'பிளெண்ட்' என்று மட்டும் எழுதியதையும்.

வாங்குவதே என்று முடிவானால், 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' அல்லது 'என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' சான்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் ஒவ்வொரு பேட்சும் விற்பனைக்கு முன் சோதிக்கப்படுகிறது. லோகோவை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஆகவே டப்பாவின் பேட்ச் எண்ணைச் சான்று தந்த அமைப்பின் தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் இல்லையென்றால் அந்த டப்பா வேண்டாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் உணவுப் பொருளுக்கான உரிமம் மட்டுமே, ஊக்கமருந்து இல்லை என்ற சான்று அல்ல. பில்லையும், லேபிள் நாலு பக்கப் படங்களையும், அதே பேட்சில் உடைக்காத ஒரு சிறு பாக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். கலப்படம் என்று பிறகு நிரூபிக்க வேண்டி வந்தால் உடைத்த டப்பா வலுவான சாட்சி ஆகாது.

எதற்குப் பலன் உண்டு, எவ்வளவு

செயல்திறன் கூட்டுவதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் உள்ளவை மிகச் சில. எதையும் முதன்முதலாகப் போட்டி நாளில் முயலக்கூடாது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்குச் சாப்பாடும் தூக்கமும் சரியாகும்வரை இவற்றில் எதுவும் வேண்டியதில்லை.

கஃபீன்: உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், போட்டிக்கு ஒரு மணி நேரம் முன். 60 கிலோ எடைக்கு 180 மில்லிகிராம். கிலோவுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் கூடுதல் பலன் இல்லை, படபடப்பும் தூக்கக்கேடும்தான். 2004-ல் தடை நீங்கியது, இப்போது கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. ஃபில்டர் காபியில் டிக்காஷனுக்கு டிக்காஷன் அளவு மாறுவதால் கணக்கு வைக்க முடியாது.

கிரியாட்டின் மோனோஹைட்ரேட்: நாளுக்கு 3 முதல் 5 கிராம். அவசரமென்றால் முதல் 5–7 நாள் 5 கிராம் வீதம் நான்கு வேளை. அவசரமில்லாதவர் 3 கிராமில் தொடங்கினாலும் நான்கு வாரத்தில் அதே நிலையை எட்டுவார். எடை 1–2 கிலோ கூடும். பளுதூக்குபவருக்கு அது லாபம். எடைப்பிரிவில் ஆடும் குத்துச்சண்டை வீரருக்கும் உயரம் தாண்டுபவருக்கும் யோசிக்க வேண்டியது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சற்றுக் கூடித் தெரியும், மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆப்ப சோடா: ஆம், சமையலறையில் இருக்கும் அதே சோடியம் பைகார்பனேட். 400 மீட்டர், 800 மீட்டர் போல ஒன்று முதல் ஏழு நிமிடத்துக்குள் முடியும் கடும் முயற்சிக்கு உதவும். கிலோவுக்கு 0.3 கிராம், 60 கிலோவுக்கு 18 கிராம், தட்டையாக எடுத்தால் ஏறத்தாழ நான்கு டீஸ்பூன். போட்டிக்கு 60–150 நிமிடம் முன். ஒரே மூச்சில் குடித்தால் வயிறு உப்பி, ஓடவேண்டிய திசை கழிப்பறையாகிவிடும். இட்லியோ பழமோ சாப்பிட்டுக்கொண்டே நாலைந்து பங்காகப் பிரித்து எடுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக்கூடாது.

பீட்டா அலனின்: அதே வகைப் போட்டிகளுக்கு, கிலோவுக்கு 65 மில்லிகிராம், பல வேளையாகப் பிரித்து, 10–12 வாரம். முகமும் கையும் ஊசி குத்துவதுபோல் சுரீரென்றால் வேளைக்கான அளவைக் குறைக்கவேண்டும்.

பீட்ரூட் சாறு: 310–560 மில்லிகிராம் நைட்ரேட், 2–3 மணி நேரம் முன். அன்று மவுத்வாஷ் கூடாது. நைட்ரேட்டை மாற்றுவது வாயிலுள்ள பாக்டீரியா, அதைக் கொன்றுவிட்டுச் சாறு குடித்துப் பயனில்லை.

சோதனை அழைப்பு வந்தால்

மறுத்தால் பாசிட்டிவுக்குச் சமமான தண்டனை, எனவே வாதம் செய்யாமல் போங்கள். அதிகாரியின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம், உடன் ஒருவரைக் கூட்டிப் போகலாம். மூடிய குப்பிப் பெட்டிகளிலிருந்து நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெட்டியிலும் இரண்டு குப்பிகளிலும் மூடிகளிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். சீக்கிரம் வரட்டும் என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் இன்னொரு மாதிரி கேட்பார்கள், வீட்டுக்குப் போக நள்ளிரவாகும்.

படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து, ஊசி, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் பெயரும் அளவுமாக எழுதுங்கள். 'வைட்டமின்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் பின்னால் உதவாது. மேலே சொன்ன ஸ்கிரீன்ஷாட்டும் லேபிள் படமும் போனிலேயே இருந்தால் இதற்கு ஐந்து நிமிடம் போதும். குறை ஏதும் தெரிந்தால் குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டே கையெழுத்திடுங்கள். உங்கள் நகலை வாங்கி, சப்ளிமென்ட் பில்கள் இருக்கும் அதே உறையில் போடுங்கள். மாதிரிகளைப் பத்து ஆண்டு வரை வைத்திருந்து மறுபடி சோதிக்கலாம் என்பதால், அந்த உறையும் அத்தனை காலம் இருக்கட்டும்.