காதில் பட்ஸ், ஊரில் அம்மா: பெங்களூர்த் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரத்தஹள்ளி பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஒரு பெண் பாளையங்கோட்டைக்குப் போன் போடுகிறாள். காதில் புது பட்ஸ். ரிங் ரோட்டு இரைச்சல் அவளுக்கு நன்றாகவே அடங்கியிருக்கிறது. அம்மாவோ, "ஏட்டி, கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்கு" என்கிறார்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் ஏஎன்சி என்று போட்டிருக்கும் இரைச்சல் குறைப்பு, மாட்டியிருப்பவரின் காதுக்கு மட்டுமே. பஸ் என்ஜின், ஏசி போன்ற சீரான சத்தத்தை எதிர் அலையால் அது குறைக்கும். திடீர் ஹாரனை அவ்வளவாக அடக்காது. நம் குரல் அம்மாவுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது மைக்கையும், இஎன்சி என்று எழுதியிருக்கும் இரைச்சல் நீக்கத்தையும் பொறுத்தது.

பாட்டு போட்டுப் பார்த்து வாங்குவதும் தவறு. மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் சாதாரண புளூடூத், பாட்டுக்கான முறையை விட்டுப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். சிடி தரப் பாட்டில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறார்கள். பேச்சிலோ 16,000, பழைய முறையில் வெறும் 8,000. குரலின் கூர்மையான மேல் சுருதிப் பகுதி அப்படியே வெட்டுப்படும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கினால், முடிந்தவரை கடை வாசலுக்கு வந்து அந்தச் சந்தடியிலேயே வீட்டுக்கு ஒரு கால் போட்டுக் கேளுங்கள். அம்மா சொல்வதுதான் தீர்ப்பு.

என்னை அதிகம் வருத்துவது அடுத்த தவறு. கால் பேசும் ஆப்பில் உள்ள இரைச்சல் நீக்கத்தை எப்போதும் ஆன் செய்தே வைத்திருப்பது. பேச்சு அல்லாத பலவற்றையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். பாட்டியின் தாலாட்டு விட்டுவிட்டுக் கேட்கும், கோயில் கொடை மேளம் காணாமலே போகும். ஊரோடு பேசுவது தகவலுக்காக மட்டுமா? தாளிக்கிற சத்தம் காதில் விழுந்தால்தான் அடுக்களையில் கூடவே நிற்கிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் இரு பக்கமும் அதை அணைத்துவிடுங்கள். ஜூமில் இதற்கென்றே அசல் ஒலி என்ற வசதி உண்டு.

"என்னைப் பேசவே விடமாட்டேங்க" என்று அடிக்கடி சண்டை வருகிறதா? காரணம், குரல் போய்ச் சேருவதில் உள்ள தாமதமாக இருக்கலாம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இணைய அழைப்பின் தாமதத்தோடு புளூடூத்தும் தன் பங்கைச் சேர்க்கும். ஒயர் ஹெட்செட்டுக்கு மாறிப் பாருங்கள்.

பெற்றோருக்குக் குட்டி பட்ஸைவிடக் கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் மேல், கீழே விழுந்து தொலையாது. காது மந்தம் என்றால் வால்யூமைக் கூட்டித் தராமல் கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள். போன் குரலை நேராகக் காதில் சேர்க்கும் புளூடூத் காது கருவிகள் இருக்கின்றன.

நமக்கும் அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். டிராஃபிக் நடுவே வால்யூமை ஏற்றாமல், வீட்டுக்கு வந்து கூப்பிடுங்கள். டூ வீலர் ஓட்டும்போது காதில் எதுவுமே வேண்டாம்.