சேலத்தில் சாப்பாட்டுக்கும் அரிசிக்கும் உதவி தேடுவது எப்படி?

வேலை நின்றுபோய் வீட்டில் அரிசி தீர்ந்தவர், ஊருக்குப் புதிதாக வந்தவர், ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்கியிருப்பவர், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஏதாவது வழி செய்ய நினைப்பவர் என யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: எங்கே போய்க் கேட்பது? சேலத்தில் எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரி ஏற்பாடு இல்லை. ரேஷன் கடை, மாநகராட்சி, கோயில், பள்ளிவாசல், சர்ச் என்று பிரிந்து கிடக்கிறது. அதனால் எந்த வரிசையில் தேடுவது என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் பாதி குறையும்.

1. இன்றைக்கா, இந்த மாதத்துக்கா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். இன்று மதியம் சாப்பிட வழியில்லை என்றால் சமைத்த உணவு கிடைக்கும் இடம் வேண்டும். மாதம் முழுக்கக் கை கடிக்கிறது என்றால் ரேஷன் கார்டுதான் வழி. பலர் ரேஷன் கார்டைக் கவனிக்காமல், யாராவது மளிகைப் பை தருவார்களா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பை ஒருமுறைதான் வரும். கார்டு இருந்தால் மாதாமாதம் அரிசி வரும்.

2. இன்றைய சாப்பாடு

அம்மா உணவகம் சேலத்தில் 2013 முதல் நடக்கிறது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. யார் வேண்டுமானாலும் போகலாம், கார்டு எதுவும் கேட்க மாட்டார்கள். காலையிலும் மதியத்திலும் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், நேரமானால் சில வகைகள் தீர்ந்துவிடும். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று மாநகராட்சிக்கு நான்கு மண்டலங்கள். உங்கள் பகுதிக்குப் பக்கத்தில் உணவகம் எங்கே என்று அந்தந்த மண்டல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆட்டோக்காரர்களைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

அறநிலையத் துறையின் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில் போன்ற பெரிய கோயில்களில் காலையிலேயே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். "அன்னதானம் உண்டா?" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்று பதில் வரும், நீங்கள் போகும்போது பந்தி முடிந்திருக்கும். "டோக்கன் எத்தனை மணிக்கு, எங்கே தருவீர்கள்?" என்று கேளுங்கள். பொதுவாக உச்சிக்கால பூஜை முடிந்து மதியம்தான் பந்தி.

ஆடி மாதத்தில் சேலத்து மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பின் வழியில் வந்த சன்மார்க்க சங்கங்களும் பல ஊர்களில் அன்னதானம் செய்கின்றன.

இரவில் தங்கவும் இடமில்லை என்றால் வீடற்றோருக்கான மாநகராட்சித் தங்கும் விடுதி எங்கே என்று கேளுங்கள்.

3. ரேஷன் கார்டு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கார்டு இருக்கிறதா? அதில் அச்சாகியிருக்கும் வகையைப் பாருங்கள். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். என்றும் இருந்தால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான கார்டு, மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று மட்டும் இருந்தாலும் அரிசி உண்டு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசு இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடைசியில் 'எஸ்' சேர்ந்திருந்தால் அது சர்க்கரைக் கார்டு, அரிசி வராது. 'என்.சி.' என்றால் எந்தப் பொருளும் வராது. நிலைமை மாறிவிட்டதென்றால் வகை மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நல்ல சம்பளம் வந்த காலத்தில் வாங்கிய கார்டை அப்படியே வைத்துக்கொண்டு, கடையில் அரிசி கேட்டுத் திரும்புகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

கார்டே இல்லையா? டிஎன்பிடிஎஸ் என்ற அரசின் ரேஷன் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். எல்லோருடைய ஆதார், குடும்பத் தலைவர் போட்டோ, முகவரிச் சான்று வேண்டும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் முதலில் அப்பா அம்மா கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் போட்ட விண்ணப்பம் நிற்காது. நேரில் விசாரிக்க வருபவர்கள் தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்ப்பார்கள், அதனால் கேஸ் இணைப்பு விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். கார்டில் பதிந்த கைபேசியிலிருந்து ஆங்கிலத்தில் பிடிஎஸ் என்று அடித்து, இடம் விட்டு 101 சேர்த்து 9773904050-க்கு அனுப்பினால் என்ன இருப்பு இருக்கிறது என்று வரும். 102 என்று அனுப்பினால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும்.

முதியவர்களுக்குக் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் சும்மா வந்துவிடாதீர்கள். அவருக்குப் பதில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு, கடையிலேயே கேளுங்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

4. குழந்தைகள், கர்ப்பிணிகள்

அங்கன்வாடியில் பதிந்தால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்துமாவு கிடைக்கும். அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவும் உண்டு, மதிய உணவும் உண்டு.

5. மளிகைப் பை தருபவர்கள்

கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபை என்று ஒரு குழு இருக்கும், ஏழைக் குடும்பங்களைப் பார்த்து உதவுவது அவர்கள் வேலை. பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளிவாசல் ஜமாத்திலும் கேட்கலாம். வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாளைக்கு வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். கதையை நீட்ட வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "இலவச உணவு" எண்கள் பெரும்பாலும் பழையவை. பேசி உறுதி செய்யாமல் பஸ் ஏறாதீர்கள். ஓ.டி.பி. கேட்டால் அது மோசடி. பை கொடுக்கும்போது போட்டோ எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு அந்த வழக்கம் கொஞ்சமும் பிடிக்காது.

6. ஏற்காட்டில்

சேர்வராயன் மலைக் கிராமங்களில் கடை தூரம், பஸ்ஸும் குறைவு. இறங்கி வந்து ஏமாறாமல் இருக்க அந்த எஸ்.எம்.எஸ். இங்கேதான் அதிகம் கைகொடுக்கும். கார்டு சம்பந்தமான வேலைக்குச் சேலம் வர வேண்டாம், ஏற்காடு தனி வட்டம். அங்கேயே வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். காபித் தோட்டங்களில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவர்கள், ஊரில் முன்னுரிமைக் கார்டு இருந்தால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் கைரேகை வைத்து இங்கேயே தானியம் வாங்கலாம். மேஸ்திரிகள் பலருக்கே இது தெரியாது, எடுத்துச் சொல்லுங்கள்.

7. கிடைக்கவில்லை என்றால்

ரேஷன் புகாருக்கு 1967, கட்டணம் கிடையாது. வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் கைபேசிக்குத் தகவல் வந்தால், மேலே சொன்ன அதே எண்ணுக்கு பிடிஎஸ் 107 என்று அனுப்புங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மனுவோடு கார்டு ஜெராக்ஸ் ஒன்றை இணைத்து, ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை போனால் முதலில் கேட்பது அந்த ரசீது எண்ணைத்தான்.