என்எஃப்எல் வாராந்தரக் கணிப்பு: நண்பர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கும். அந்த வாரத்து என்எஃப்எல் (பந்தைக் கையில் ஏந்தியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ஆட்டங்கள் ஒவ்வொன்றிலும் எந்த அணி வெல்லும் என்று ஆளுக்கொரு பட்டியல் குறித்துத் தர வேண்டும். திங்கள் இரவு ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எத்தனை சரி என்று எண்ணுவார்கள். இதைப் 'பிக்கெம்' என்பார்கள். 32 அணிகள், 18 வாரங்கள், அணிக்கு 17 ஆட்டங்கள், ஆக மொத்தம் 272 ஆட்டங்கள். நாங்கள் எட்டுப் பேர் நியூ ஜெர்சியில் பல ஆண்டுகளாகப் பணம் வைக்காமல் இதை ஆடி வருகிறோம், எக்செல் கோப்பைப் பராமரிப்பது என் பொறுப்பு. அந்தக் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டும்போது, கால்பந்து தெரியாததால் நாங்கள் இழந்த புள்ளிகளைவிட, தெரிந்ததை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் இழந்த புள்ளிகளே மிக அதிகம் என்பது தெளிவாகத் தெரிகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வெல்லும் என்று பரவலாக எதிர்பார்க்கப்படும் அணி, என்எஃப்எல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை வெல்கிறது. அப்படியானால் 16 ஆட்டங்கள் உள்ள ஒரு வாரத்தில் சராசரியாக ஐந்து ஆட்டங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக முடியும். இரண்டு சீசன் ஆடிய எவருக்கும் இது அனுபவத்தில் தெரியும். தெரிந்திருப்பதுதான் தவறுக்கு வழிவகுக்கிறது. எப்படியும் ஐந்து ஆட்டங்கள் கவிழப் போகின்றன, ஆகவே நம் பட்டியலிலும் ஐந்து கவிழ்ப்புகள் இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் எத்தனை கவிழும் என்பது தெரிவது வேறு, எவை கவிழும் என்பது தெரிவது வேறு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 16 ஆட்டங்களிலும் வலுவான அணியையே குறித்தால் சராசரியாகப் பத்துப் பதினொன்று சரியாகும். பதினொன்றில் வலுவான அணியையும் ஐந்தில் எதிரணியையும் உள்ளுணர்வின்படி குறித்தால், முதல் பதினொன்றில் ஏழு, அடுத்த ஐந்தில் ஏறத்தாழ இரண்டு, ஆக ஒன்பதுதான் கிடைக்கும். வாரத்துக்கு ஒன்றரைப் புள்ளிதானே என்று தோன்றலாம். 272 ஆட்டங்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒருவருக்கு 181, மற்றவருக்கு 153. ஏறத்தாழ முப்பது புள்ளி வித்தியாசம். எங்கள் குழுவில் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே முப்பது புள்ளி இடைவெளி எந்த ஆண்டும் வந்ததில்லை. கால்பந்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் வலுவான அணிகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொண்டே போகிறவர் ஆண்டு முடிவில் முதல் மூன்று இடங்களுக்குள் நிற்பதன் காரணம் இதுதான்.

கவிழ்ப்பு எப்படி வருகிறது என்பதற்கு 2024 சீசனின் முதல் வாரத்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்த பில் பெலிசிக் விலகிய பிறகு, புதிய பயிற்சியாளரின் கீழ் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ஆடிய முதல் ஆட்டம் அது. எதிரே சொந்த மைதானத்தில், நட்சத்திர வீரர் ஜோ பரோவின் சின்சினாட்டி பெங்கால்ஸ். எங்கள் எட்டுப் பேரும் பெங்கால்ஸையே குறித்திருந்தோம். பேட்ரியாட்ஸ் 16-10 என்று வென்றது. அன்று இரவே நண்பன் ஒருவன் தொலைபேசியில், "பெங்கால்ஸ் கவிழும்னு எனக்கு அப்பவே தோணுச்சுடா" என்றான். கோப்பைத் திறந்தால் அவன் பெயருக்கு நேரேயும் பெங்கால்ஸ்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. ஒரு நொடி மனத்தில் வந்துபோன ஐயத்தை, முடிவு தெரிந்த பின் நினைவு பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்த நினைவை நம்பி அடுத்த வாரம் அவன் நான்கு கவிழ்ப்புகளைக் குறித்து நான்கையும் இழந்தான். பேட்ரியாட்ஸும் அந்த சீசனை 4-13 என்றுதான் முடித்தது. முதல் வார வெற்றியை வைத்து அந்த அணியைத் தொடர்ந்து குறித்தவர்கள் நிறையவே இழந்திருப்பார்கள். ஆகவே உங்களுக்கு எப்போது 'தோன்றுகிறது' என்பதை ஆட்டத்துக்கு முன்பே தேதியோடு எழுதி வையுங்கள். பத்து வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் உங்கள் உள்ளுணர்வின் உண்மையான மதிப்பு தெரிந்துவிடும்.

வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்து அணியை எடைபோடுவது அடுத்த தவறு. இதற்கு 2022-ஆம் ஆண்டின் மின்னசோட்டா வைகிங்ஸைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 13 வெற்றி, 4 தோல்வி. பட்டியலில் பார்த்தால் மிக வலுவான அணி. ஆனால் சீசன் முழுவதிலும் அந்த அணி எடுத்த புள்ளிகளைவிடக் கொடுத்த புள்ளிகள் மூன்று அதிகம். எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டங்களையும் வென்று, தோற்றபோதெல்லாம் பெரிய இடைவெளியில் தோற்றதால் வந்த விந்தை இது. அந்த டிசம்பரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக 33-0 என்று பின்தங்கியிருந்து 39-36 என்று வென்றதையும் நேரலையில் பார்த்தவர்களுக்கு, இந்த அணிக்குத் தோற்கவே தெரியாது என்ற எண்ணம் வந்ததில் வியப்பில்லை, எனக்கும் வந்தது. பிளேஆஃப் (சீசனுக்குப் பின் தோற்றால் வெளியேறும் சுற்று) முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோற்றது. மறு ஆண்டு 7-10. நெருக்கமான ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்வது பெரும்பாலும் நிலைத்து நிற்கும் திறமை அன்று. நழுவிய பந்து யார் கையில் சிக்குகிறது, கடைசி நிமிட உதை கம்பத்துக்கு உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பவற்றில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. அணியின் வெற்றிக் கணக்குக்கு அருகில், எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். எல்லாப் புள்ளிப் பட்டியல்களிலும் அது இருக்கிறது, ஆனால் அந்தப் பத்தியைப் பார்ப்பவர்கள் குறைவு.

சொந்த அணிப் பாசத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜயன்ட்ஸ் ரசிகர் ஜயன்ட்ஸைக் குறிப்பதில் தவறில்லை, அந்த இன்பத்துக்காகத்தானே ஆடுகிறோம். நம்பிக்கைப் புள்ளி முறையில் ஆடும்போதுதான் அது வினையாகிறது. அந்த முறையில் 16 ஆட்டங்களுக்கும் 1 முதல் 16 வரை எண்கள் கொடுத்து, மிக உறுதியான கணிப்புக்கு 16, மிகவும் ஐயமானதற்கு 1 என்று வரிசைப்படுத்த வேண்டும். வாரத்தின் மொத்தப் புள்ளி 136. பிடித்த அணிக்கு 16-ஐக் கொடுத்துவிட்டு அது தோற்றால், கீழ்வரிசையில் ஐந்து ஆட்டங்களைச் சரியாகச் சொன்னதன் பலன் (1+2+3+4+5, அதாவது 15) முழுவதும் போய்விடுகிறது. சொந்த அணியைக் குறியுங்கள், ஆனால் எண் தரும்போது அந்த அணியின் சட்டை வேறொருவருடையது என்று வைத்துக்கொண்டு எண் கொடுங்கள்.

இனி நேரம். ஒரு வாரம் என்பது ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதில்லை. வியாழன் இரவே ஓர் ஆட்டம் நடந்துவிடுகிறது. நன்றி நவிலல் (நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை) வாரத்தில் வியாழனன்று மட்டும் மூன்று ஆட்டங்கள். டெட்ராய்ட், டல்லஸ் ஆகிய இரண்டு ஊர்களிலும் அன்று ஆட்டம் நடப்பது நெடுநாள் மரபு. 2023 முதல் மறுநாள் வெள்ளியன்றும் ஓர் ஆட்டம் சேர்ந்திருக்கிறது. லண்டனிலோ மியூனிக்கிலோ ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரை நேரப்படி காலை 9:30-க்கே பந்து உதைக்கப்படும், கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது காலை 6:30. நான் ஒருமுறை நன்றி நவிலலன்று விருந்துக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் டெட்ராய்ட் மைதானத்தைப் பார்த்த பிறகுதான் அந்த வாரப் பட்டியலையே தொடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. புதன் இரவே முழுப் பட்டியலையும் ஒருமுறை நிரப்பி அனுப்பிவிட்டு, ஞாயிறு காலையில் திருத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

ஞாயிறு காலையில் திருத்த வேண்டியிருப்பதன் முதன்மைக் காரணம் காயங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடும் அணிகள் புதன் முதல் வெள்ளி வரை யார் பயிற்சி செய்தார், யார் செய்யவில்லை என்று அறிவிக்கின்றன. வெள்ளியன்று 'அவுட்' (ஆடமாட்டார்), 'டவுட்ஃபுல்' (ஆடுவது ஐயம்), 'கொஸ்சனபிள்' (ஆடலாம், ஆடாமலும் போகலாம்) என்ற நிலைகள் வரும். ஆட்டத்துக்கு 90 நிமிடத்துக்கு முன் ஆடாதவர் பட்டியல் உறுதியாகும். இதில் குவார்ட்டர்பேக்கின், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவரின், பெயரை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். மற்ற எந்த வீரரின் இழப்பும் அவரது இழப்பளவுக்கு முடிவை மாற்றுவதில்லை. ஆனால் அங்கேயும் அளவு வேண்டும். 2023 சீசனின் முதல் வாரத்தில் குவார்ட்டர்பேக் ஆரன் ரோட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காகக் களமிறங்கி நான்கே நகர்வுகளில் (பந்து ஒருமுறை ஆட்டத்துக்கு வந்து நிற்பது ஒரு நகர்வு) குதிகால் தசைநாண் கிழிந்து வெளியேறினார். அதற்குப் பிறகும் ஜெட்ஸ் அன்று பஃபலோ பில்ஸைக் கூடுதல் நேரத்தில் 22-16 என்று வென்றது.

மைதானமும் வானிலையும் பலரால் பெரிதுபடுத்தப்படுபவை. சொந்த மைதானம் மூன்று புள்ளிக்குச் சமம் என்பது பழைய வாய்ப்பாடு. அண்மை ஆண்டுகளில் அந்த அனுகூலம் சுருங்கியிருக்கிறது. பெருந்தொற்றால் அரங்குகள் பெரும்பாலும் காலியாக இருந்த 2020-இல் சொந்த மைதான அணிகள் 127 வென்று 128 தோற்றன, ஓர் ஆட்டம் சமன். வானிலையில் பனியைவிடக் காற்றுதான் ஆட்டத்தை மாற்றுகிறது. 2021 டிசம்பரில் பஃபலோவில் வீசிய கடுங்காற்றில் பேட்ரியாட்ஸ் ஆட்டம் முழுவதும் மூன்றே மூன்று தடவைதான் பந்தை வீசியது. மீதி நேரமெல்லாம் பந்தைக் கையில் ஏந்தி ஓடியே 14-10 என்று வென்றது.

பதினெட்டாம் வாரம் தனி உலகம். 2024 சீசனின் கடைசி வாரத்தில் பில்ஸ் அணிக்குப் பிளேஆஃபில் அதன் இடம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. நட்சத்திர வீரர் ஜாஷ் ஆலன் ஒரே ஒரு நகர்வுக்கு மட்டும் நின்றுவிட்டு வெளியே உட்கார்ந்தார். பேட்ரியாட்ஸ் 23-16 என்று வென்றது. அந்த சீசனில் அதற்குக் கிடைத்த நான்கு வெற்றிகளில் முதலாவதை முதல் வாரத்திலும் கடைசியை இந்த வாரத்திலும் பார்த்தோம். ஆகவே யார் ஓய்வெடுக்கப் போகிறார்கள் என்று பார்க்காமல் கடைசி வாரத்தைக் குறிக்கக் கூடாது. அதே நேரத்தில், வென்றே ஆக வேண்டிய அணி கட்டாயம் வெல்லும் என்று எண்ணுவதும் தவறு. 2021 சீசனின் கடைசி வாரத்தில் வென்றால் பிளேஆஃப் என்ற நிலையில் இருந்த கோல்ட்ஸ், அதுவரை இரண்டே ஆட்டங்கள் வென்றிருந்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸிடம் 26-11 என்று தோற்று வெளியேறியது. தேவை எல்லா அணிக்கும் இருக்கும், வலு எல்லா அணியிடமும் இருப்பதில்லை.

விதிகளை முன்பே எழுதி வைக்காமல் தொடங்குவதுதான் நண்பர்களுக்குள் மனக்கசப்பைக் கொண்டுவருகிறது. ஆட்டம் சமனில் முடிந்தால் என்ன செய்வது? அரிதுதான், ஆனாலும் 2025 செப்டம்பரில் கிரீன் பே பேக்கர்ஸும் டல்லஸ் கௌபாய்ஸும் 40-40 என்று முடித்தன. குழுவில் இருவர் சம புள்ளியில் நின்றால் திங்கள் இரவு ஆட்டத்தின் மொத்தப் புள்ளியை நெருக்கமாகக் கணித்தவருக்கு வெற்றி என்பது வழக்கம். அந்த எண்ணைத் தாண்டிக் கணித்தவரைத் தள்ளுவதா, அருகில் இருப்பவரை எடுப்பதா என்பதும் எழுதப்பட வேண்டும். ஆட்டமே நின்றுபோனால்? 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் இதயம் நின்று மைதானத்தில் சரிந்தார். அந்த ஆட்டம் கைவிடப்பட்டு, பிறகு நடத்தப்படவே இல்லை. அன்று எங்கள் குழுவில் யாரும் புள்ளியைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் கூடாது. அவர் பிழைத்தார் என்ற செய்திக்காகத்தான் காத்திருந்தோம். அப்படிப்பட்ட நாளில் விவாதமே எழாமல் இருக்கத்தான், நடந்து முடியாத ஆட்டம் எவர் கணக்கிலும் சேராது என்ற ஒரு வரியை ஆகஸ்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக, பின்தங்கியவர் செய்யும் ஒரு தவறு. வலுவான அணியையே குறியுங்கள் என்று மேலே சொன்னேன். டிசம்பரில் நான்கு புள்ளி பின்னால் நிற்பவருக்கு அந்த அறிவுரை போதாது. முன்னால் இருப்பவரும் அதே அணிகளைக் குறித்தால் இடைவெளி அப்படியே இருக்கும். அதற்காகப் பத்து ஆட்டங்களில் மாறிப் போகவும் கூடாது. எந்த அணி வெல்லும் என்று வல்லுநர்களே பிரிந்து நிற்கும், ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்றிருக்கும் மூன்று நான்கு ஆட்டங்களைத் தேர்ந்து அவற்றில் மட்டும் முன்னிலையில் இருப்பவர் குறிக்கக்கூடிய அணிக்கு எதிரணியைக் குறிக்க வேண்டும். அங்கே மாறுவதற்கு விலை மிகக் குறைவு. முன்னால் நிற்பவருக்கு இதன் தலைகீழ்தான் சரி, நெருக்கமான ஆட்டங்களில் தன்னைத் துரத்துகிறவர் எதைக் குறிப்பார் என்று ஊகித்து அதையே குறித்துவிடலாம். எங்கள் குழுவில் ஓராண்டு கடைசி வாரத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த நண்பன் இப்படி மூன்று ஆட்டங்களில் மட்டும் மாறிக் குறித்தான். இரண்டு சரியானது, ஒன்று தவறியது. ஒரே புள்ளியில் கோப்பையைத் தவறவிட்டான். அந்த மூன்று ஆட்டங்களையும் நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவன் தேர்ந்தெடுத்ததைவிடச் சிறந்த மூன்று அந்த வாரத்தில் இல்லை.