பவுடர் காட்டிக் கொடுத்தது

கடலூர் வீட்டு மாடியில் 10 மீட்டரில் அட்டை வைத்துச் சுடும் என் பழைய 0.177 அங்குல ஏர் ரைபிள், குழலை மடக்கி லோட் செய்யும் ரகம். திடீரென்று பெல்லட்டெல்லாம் (சின்ன ஈயக் குண்டுகள்) இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. ஸ்பிரிங்தான் போச்சு என்று பிரிக்கவே கிளம்பிவிட்டேன். அதற்கு முன், குழல் மடங்கும் இணைப்பைச் சுற்றி முகப்பவுடர் தூவி, பெல்லட் போட்டே ஒரு தடவை சுட்டேன் (வெறுமனே சுட்டால் பிஸ்டன் அடிவாங்கும்). பவுடர் குப்பென்று பறந்தது! காற்று பெல்லட்டைத் தள்ளாமல் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. அந்த இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் வளையத்தை (சீல்) ஊசியால் நெம்பினால், தட்டையாகி ஓரம் வெடித்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் மோட்டார் உதிரிபாகக் கடையில் அளவு பார்த்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வாங்கினேன், சற்று உள்ளே அமுங்கியதால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் வெட்டி வைத்தேன், சரி, இப்போது பவுடர் அசையவில்லை. அப்புறம், பெல்லட்டுக்குக் காற்று வரும் துளையில் சாதா எண்ணெய் விடாதீர்கள், அழுத்தச் சூட்டில் பற்றி வெடிக்கும்.