பழைய ஓட்டு வீட்டுக் கூரையில் கண்ணாடி ஓடு போடும் முறை

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் இருக்கும் எங்கள் வீடு அப்பப்பா காலத்துக் கள்ளிக்கோட்டை ஓட்டு வீடு. நடுவறைக்குச் சன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் லைற் போடவேண்டும். சுவரை உடைத்துச் சன்னல் வைக்கலாம் என்று மேசன் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. கடைசிப் போர்க்காலத்தில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கூரை பாதி போயிருந்தது. சுவர்கள் மட்டும் அப்படியே நின்றன. நின்ற சுவரை நானே உடைப்பதா? அதனால் கூரையில் ஆறு கண்ணாடி ஓடு போட்டேன். முதல் தடவை ஒழுகியது. இரண்டாம் தடவை போட்டது மூன்று மாரி கண்டும் ஒரு துளி விடவில்லை.

தொடங்க முதல் ஒன்று. கோயில், தேவாலயம், பழைய மடம் போன்ற கட்டடம் என்றால், அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதா என்று கேட்டு அறியுங்கள். 1940 ஆம் ஆண்டின் இலங்கைத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் அப்படி அறிவிக்கப்பட்டிருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் கூரையில் கை வைக்கக்கூடாது.

காலமும் பக்கமும்

மாசி, பங்குனியில் செய்யுங்கள். மாரி ஓய்ந்து மரம் காய்ந்திருக்கும், கச்சான் காற்றும் தொடங்கியிராது.

கண்ணாடியை வடக்குச் சரிவில் வைத்தால் வெயில் வராது என்று இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர்கள் எழுதுவார்கள். அவர்களுடைய நாட்டுக்கு அது சரி. வன்னி இருப்பது ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ற் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் இங்கே வடக்கு, தெற்கு பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. கிழக்குச் சரிவு இருந்தால் அதையே எடுங்கள்: காலை வெளிச்சம் கிடைக்கும், பின்னேர வெக்கை உள்ளே வராது. மேற்குச் சரிவு வேண்டவே வேண்டாம்.

சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 15 ஓடு போகும். ஆறு கண்ணாடி ஓடு என்றால் அரைச் சதுர மீற்றருக்கும் குறைவு. 12 அடிக்கு 14 அடி அறைக்கு அது தாராளம். ஆறையும் ஒரே இடத்தில் குவிக்காமல் மும்மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

ஓட்டைப் பொருத்திப் பார்ப்பது

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை ஓட்டின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து, கடதாசியில் எழுதி வவுனியாவுக்குக் கொண்டுபோய், அளவு ஒத்த கண்ணாடி ஓடு வாங்கி வந்தேன். கூரையில் வைத்தால் ஒரு மூலை ஆடியது. இடைவெளியை சிலிக்கன் பூசி அடைத்தேன். கார்த்திகையில் முதல் பெருமழைக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. வந்தது சிலிக்கன் பூசிய இடத்தில் இல்லை, ஓரடி கீழே, றீப்பை (ஓட்டை மாட்டும் குறுக்கு மரச்சட்டம்) வழியாக.

காரணம் இதுதான். கள்ளிக்கோட்டை ஓட்டில் பக்க விளிம்பிலும் தலைமாட்டிலும் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் இருக்கும். ஓர் ஓட்டின் வரம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் உட்காரவேண்டும். உள்ளே புகும் கொஞ்சத் தண்ணீரும் அந்தப் பள்ளத்தால் ஓடிக் கீழ் ஓட்டின் முதுகில் விழும். நான் சிலிக்கன் பூசி அந்த வாய்க்காலுக்கு அணை கட்டிவிட்டேன். தேங்கிய தண்ணீர் பக்கவாட்டில் ஏறி மரத்துக்குப் போனது. பழைய மண் ஓட்டின் தூசிப் பரப்பில் சிலிக்கன் சரியாக ஒட்டவும் இல்லை. வெயில் காலம் முடிய நாடா மாதிரி உரிந்து வந்தது. ஓட்டுக் கூரையில் சிலிக்கனும் சீமெந்தும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வரவே கூடாது என்பது என் முடிவு.

ஆனால் மூலை ஏன் ஆடியது? ஓட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பழைய ஓட்டின் அடிப்பக்கத்தில் செய்த ஆலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். இந்த வகை ஓட்டை 1865 இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை செய்யத் தொடங்கியது; பிறகு மலையாளக் கரை முழுக்க ஆலைகள் வந்தன. பின்னாளில் எங்கள் நாட்டிலும் வைக்கால், தங்கொட்டுவைப் பக்கம் செய்தார்கள். ஆலைக்கு ஆலை ஓடு வார்க்கும் அச்சு வேறு. எங்கள் கூரையிலோ, மீளக் குடியேறியபோது இடிந்த வளவுகளில் பொறுக்கிப் போட்ட ஓடுகள் நான்கு வகை கலந்து கிடந்தன. வன்னியில் பல கூரைகள் அப்படித்தான். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத் தெரியும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கண்ணாடி வரும் இடத்தைச் சுற்றியுள்ள ஓடுகளைக் கழற்றி, அடியிலுள்ள ஆலை முத்திரை பார்த்து வகை பிரித்து வையுங்கள். கையில் அதிகம் இருக்கும் ஒரே முத்திரை ஓடுகளை அந்த இடத்துக்கு ஒதுக்குங்கள். அதில் இரண்டைச் சாக்கில் கட்டிக் கடைக்கே கொண்டுபோங்கள். கண்ணாடி ஓட்டை இரண்டுக்கும் நடுவில் வைத்து நான்கு மூலையையும் விரலால் அமத்திப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள். எனக்கு மூன்றாவது கடையில்தான் பொருந்தியது.

வீட்டுக்கு வந்ததும் நிலத்தில் மூன்று றீப்பையைக் கூரைச் சரிவிலேயே சாய்த்து நிறுத்தி, ஒன்பது ஓடு அடுக்குங்கள், நடுவில் கண்ணாடி. பூவாளியால் மேலிருந்து பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, கீழே குனிந்து பாருங்கள். றீப்பை காய்ந்திருந்தால் கூரையில் ஏறலாம்.

கூரையில்

ஓட்டின் நடுவில் மிதிக்கக்கூடாது. கைமரங்களுக்கு மேல் வருமாறு பலகை போட்டு அதில் இருந்து வேலை செய்யுங்கள். கழற்றிய இடத்தில் றீப்பையைத் தட்டிப் பாருங்கள். கறையான் தின்றிருந்தால் இப்போதே மாற்றுங்கள். எங்கள் றீப்பை இடைவெளி 12½ அங்குலம். உங்களுடையதை ஓட்டை வைத்தே அளந்துகொள்ளுங்கள்.

மேல் வரிசை ஓட்டை ஒரு விரல் உயர்த்தி மர ஆப்பு வைத்துக்கொண்டு, கண்ணாடி ஓட்டைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். அடியிலுள்ள கொளுக்கி றீப்பையில் மாட்டும் சத்தம் கேட்கும். கட்டுவதற்குத் துளை இருந்தால் செப்புக் கம்பியால் கட்டுங்கள். முல்லைத்தீவுக் கடற்காற்றில் இரும்புக் கம்பி நிற்காது.

ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தகடு மலிவு என்று பலர் சொல்வார்கள். சில வருடத்தில் மஞ்சளித்து வெடிக்கும். அதைப் பழைய ஓட்டுக்கு நடுவில் பார்க்கவே எனக்கு வயிறு எரியும்.

பிற்சேர்க்கை 1. நெடுங்கேணியிலிருந்து ஒருவர், குரங்கு பாய்ந்து கண்ணாடி உடைந்துவிட்டது என்று எழுதினார். மேலே வலை போடவேண்டாம். சருகு தங்கித் தண்ணீர் தேங்கும். உள்பக்கமாக, றீப்பைக்குக் கீழே கம்பி வலை அடியுங்கள். உடைந்தாலும் துண்டு தலையில் விழாது. கூடவே கூரைக்கு மேல் நீட்டி நிற்கும் மாங்கொப்பை வெட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2. பீலி ஓட்டுக் (பீலி போல வளைந்த ஓடு) கூரைக்கு என்ன செய்வது என்று மன்னார் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குத் தட்டைக் கண்ணாடிதான் வழி. இங்கிலாந்தில் பழைய கட்டடக் கூரைக் கண்ணாடிக்குப் பார்க்கும் இரண்டு விடயங்களை இங்கும் பாருங்கள்: கண்ணாடி கூரை மட்டத்தை விட்டு மேலே துருத்தக்கூடாது, அகலமாக இருந்தால் மெல்லிய இரும்புச் சட்டத்தால் ஒடுக்கமான பத்திகளாகப் பிரிக்கவேண்டும். அவர்கள் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணக்கட்டித் தூளும் பிசைந்த புட்டி என்ற களியைக் கண்ணாடி விளிம்பில் வைப்பார்கள். எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்பதால் நான் விரும்புவதில்லை.

கண்ணாடியின் மேல் முனை ஓட்டுக்குக் கீழே 6 அங்குலமாவது போகவேண்டும். கீழ் முனை ஓட்டுக்கு மேலே வரவேண்டும். இரு பக்கமும் நாகத் (சிங்க்) தகட்டை விளிம்பு மடித்து ஓட்டுக்கு அடியில் செருகுங்கள், தண்ணீர் அந்த மடிப்பால் கீழே இறங்கும். கண்ணாடி வழுக்காமல் கீழ் முனையில் இரண்டு செப்புத் தகட்டு நாக்கு மடித்து விடுங்கள். கீழ் விளிம்பை அடைக்காதீர்கள். உள்ளே வேர்க்கும் நீர் அதால்தான் வெளியேறும். வாங்கும்போது இரண்டு கண்ணாடித் தகட்டை நடுவில் படலம் வைத்து ஒட்டிய லமினேற்றட் கண்ணாடியையே கேளுங்கள். அது உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பிற்சேர்க்கை 3. ஆவணிக் கடைசியில் ஏறிக் கண்ணாடியையும் அதைச் சுற்றியுள்ள பள்ளங்களையும் தும்புத்தடியால் கூட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் போன வருடம் ஒரு பள்ளத்தில் வேப்பங்கொட்டை முளைத்திருந்தது.